பழகு, பழக்கு

(செம்பரம்பாக்கத்தில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழாசிரியரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தூக்கம் வந்தால் தாராளமாகத் தூங்கலாம்; நான் வருகைப் பதிவேட்டில் கை வைக்க மாட்டேன்.

எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருநாள் இடைவேளையில் வந்து கேட்டார்: "டொமெஸ்டிகேஷனுக்குத் தமிழில் என்ன போடணும் டீச்சர்? பசங்க ஆளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்க." கையில் ஏழாம் வகுப்பு விடைத்தாள்கள். ஒருவன் 'மனிதன் காட்டு விலங்குகளை அடக்கினான்' என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி 'பழக்கினான்'. மூன்றாவது ஒரு பிள்ளை 'வளர்த்தான்'. ஒரு மகராசன் 'கட்டிப்போட்டான்' என்றே எழுதிவிட்டான். நாலும் ஒன்றா, எதற்கு மதிப்பெண் போடுவது என்பதுதான் அவர் கேள்வி. மதிப்பெண் நாலு பேருக்குமே போட்டார். எனக்கு அந்தக் கேள்வி தீரவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஆங்கிலச் சொல்லை முதலில் பார்த்துவிடலாம். 'டொமெஸ்டிகேட்' என்பது லத்தீன் மொழியின் 'டோமுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. டோமுஸ் என்றால் வீடு. வெளியே இருந்ததை வீட்டுக்குரியதாக ஆக்குவது. நம் கலைச்சொல்லாளர்களும் அதே வழியில் போய் 'வீட்டு விலங்காக்கல்' என்றார்கள். சிலர் 'கொல்லைப்படுத்தல்' என்றும் எழுதுகிறார்கள். கொல்லை, வீட்டுப் பின்புறம். பொருத்தமான சொல்தான். ஆனால் செம்பரம்பாக்கத்தில் போய் "உங்க மாட்டைக் கொல்லைப்படுத்திட்டீங்களா?" என்று கேட்டால் மாட்டுக்காரர் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

ஊரில் சொல்வது என்ன? "காளைக் கன்றை ஏருக்குப் பழக்கணும்." "வண்டிக்கு இன்னும் பழகலை." சில இடங்களில் 'வசக்குதல்' என்றும் சொல்வார்கள்; மாட்டையும் வசக்கலாம், கரம்பு நிலத்தையும் வசக்கலாம். ஆனாலும் பரவலாக நிற்கிற சொல் 'பழக்கு'தான். கன்னடத்திலும் இதே சொல்தான். அங்கே 'பளகிசு' என்றால் பழக்குதல். பழகிய யானையைப் 'பளகித ஆனெ' என்பார்கள். மலையாளத்தில் காட்டு யானையை 'இணக்குகிறார்கள்'. அந்தச் சொல்லும் நமக்கு அந்நியமில்லை, இணங்கு, இணக்கு. தெலுங்கில் 'மச்சிக்க', அதற்கு நெருக்கம், பற்று என்றும் பொருள் உண்டு.

இங்கே ஒரு இலக்கணச் செய்தி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நாம் நடத்துகிற தன்வினை, பிறவினைதான். திருந்து, திருத்து. அடங்கு, அடக்கு. இணங்கு, இணக்கு. பழகு, பழக்கு. பிறவினை தனியாகப் பிறந்த சொல் இல்லை. தன்வினைக்குள்ளிருந்து ஒரு வல்லெழுத்தை அழுத்திப் பெறுகிறோம். அதாவது, 'பழக்கினான்' என்று சொல்லும்போதே அதற்குள் 'அது பழகியது' என்பது அடங்கியிருக்கிறது. முதல் வினை விலங்கினுடையது. மனிதனுடைய வினை அதன்மேல் ஏறி உட்கார்ந்த ஒரு 'க்' மட்டும்தான். விலங்கு பழகாவிட்டால் மனிதன் பழக்கினான் என்று சொல்லவே முடியாது. முயன்றான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

'டோமுஸ்' வீட்டைச் சொல்கிறது என்றேன். 'பழகு' எதைச் சொல்கிறது? காலத்தை. பழ, பழைய, பழமை என்று பக்கத்தில் நிற்கிற சொற்களைப் பாருங்கள். பழகுதல் என்றால் ஒன்று நமக்குப் பழையதாவது. நாம் அதற்குப் பழையவர் ஆவது. அகராதியைத் திறந்தால் பயிலுதல், வழக்கமாதல், உறவுகொள்ளுதல் என்று வரிசையாகப் பொருள் வரும். கையெழுத்தும் பழக்கம், வெற்றிலையும் பழக்கம், பக்கத்து வீட்டாரோடும் பழக்கம், யானையும் பழக்கம். வள்ளுவர் நட்பைப் பற்றி எழுதிய அதிகாரங்களில் ஒன்றுக்குப் 'பழைமை' என்றே பெயர் வைத்திருக்கிறார், 81ஆம் அதிகாரம். நெடுநாள் பழகியவர் உரிமையோடு செய்வதைப் பொறுத்துக்கொள்வது பற்றியது அது. அங்கே 'பழைமை' என்றால் பழைய பொருள் அல்ல, பழகிய உறவு.

சொல் அழகாக இருக்கிறது. செயலும் அப்படித்தானா?

யானையை எடுத்துக்கொள்வோம். அறிவியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆடு, மாடு, நாய், கோழி போல யானை 'வீட்டு விலங்கு' ஆகவில்லை. நாய்க்குக் குறைந்தது 15,000 ஆண்டு வரலாறு. நம் திமில் மாடு பலுச்சிஸ்தானத்து மெஹர்கரில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதனோடு சேர்ந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சாதுவானதையே தேர்ந்து இனம் பெருக்கியதில் உடம்பும் குணமுமே மாறிப்போயின. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 1959இல் பெல்யாயேவ் என்ற விஞ்ஞானி நரிகளை வைத்து இதைச் சோதித்தார். ஆளைக் கண்டு மிரளாத குட்டிகளை மட்டும் தேர்ந்து அடுத்த தலைமுறையை எடுத்தார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டுகிற, கையை நக்குகிற நரிகள் பிறந்தன. சிலவற்றுக்குக் காதுகூடத் தொங்கிப்போனது. அது இனமே மாறுவது. யானைக்கு அது நடக்கவில்லை. முகாமில் இருக்கிற யானையும் உடலால் காட்டு யானைதான். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பழக்க வேண்டும். முகாமிலேயே பிறந்த குட்டியானாலும் அப்படித்தான். ஆகவே 'வீட்டு விலங்காக்கல்' இனத்துக்கு, 'பழக்குதல்' தனி உயிருக்கு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அந்த நாலு விடைத்தாளுக்கும் பதில் கிடைத்துவிடும். வண்டலூர்ப் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறபோதும் பயன்படும். கூண்டில் இருக்கிற புலி அடைபட்ட புலி. பழகிய புலி இல்லை.

யானையைப் பிடிக்கும் முறைகளைச் சங்கப் பாட்டிலேயே பார்க்கலாம். குழி வெட்டி, மேலே தழை மூடி, யானை விழும்படி செய்வது. சிறையிலிருந்து வெளிவந்த கரிகாலனைச் சொல்லும்போது பட்டினப்பாலை, குழியில் விழுந்த யானை கரையைக் குத்தி இடித்துக்கொண்டு வெளியேறியதை உவமையாகச் சொல்கிறது. அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் நம்ம தொண்டை மண்டலத்துப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். காஞ்சியில் இருந்த இளந்திரையனிடம் பாணனை அனுப்புகிற பாட்டு. அதில் எயினர் வீட்டு முற்றத்தில் ஒரு விளாமரம் வருகிறது. அதன் அடி தேய்ந்துபோயிருக்கிறது. காரணம், அதில்தான் 'பார்வை'யைக் கட்டுவார்கள். பார்வை என்றால் இங்கே கண்பார்வை இல்லை. பழக்கிய மான். அதைக் காட்டிக் காட்டு மானை வரவழைப்பார்கள்.

பழகியதை வைத்துப் பழகாததைப் பிடிக்கும் இந்த உத்தி இன்றுவரை மாறவில்லை. அன்று பார்வை, இன்று கும்கி. கும்கி தமிழ்ச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். பாரசீகத்தில் 'குமக்' என்றால் உதவி. அதிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. உதவிக்கு வரும் யானை. மாவுத்தன் என்ற சொல்லும் வடக்கிலிருந்து வந்ததே. முகாம்களில் இன்று 'கரால்' என்கிறார்களே, பெருமரங்களை நட்டுக் கட்டிய அந்தக் கூண்டு, அந்தச் சொல் போர்த்துக்கீசியத்தில் மாட்டுப் பட்டியைக் குறித்து, டச்சுக்காரர் வாய்க்குப் போய், இலங்கை வழியாக ஆனைப் பட்டி ஆனது. இலங்கையில் கூட்டமாக யானைகளை வளைத்துப் பிடித்த கடைசி கரால் 1950இல் பனாமுரையில் நடந்தது. மைசூர்ப் பக்கம் 'கெட்டா' என்பார்கள். அது 1971இல் முடிந்தது.

ஒரு சொல் மட்டும் அப்படியே நிற்கிறது: கவளம். முல்லைப்பாட்டில் போர்ப் பாசறைக் காட்சி ஒன்று. யானைக்குக் கரும்பும் கதிரும் தழையும் வைத்திருக்கிறார்கள். அது தின்னாமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது. இளைஞர்கள் வடமொழிச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கவளம் ஊட்டப் பார்க்கிறார்கள். இன்று தெப்பக்காட்டில் போய்ப் பாருங்கள். ராகி, அரிசி, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாம் சேர்த்து வேகவைத்து உருட்டுகிறார்கள். அதற்குப் பெயர் கவளம். ஊட்டுகிறவர்கள் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர். டாப்ஸ்லிப் பக்கத்துக் கோழிகமுத்தியில் மலசர். யானைக்கான கட்டளைச் சொற்களில் பல இன்றும் தமிழ் இல்லை.

சரி, கராலுக்குள் என்ன நடக்கிறது? இதை மறைத்துவிட்டுச் சொல்லழகை மட்டும் பேசினால் நான் பாதிதான் பேசியவள் ஆவேன். முதல் நாட்களில் யானை மரங்களை முட்டுகிறது, தும்பிக்கையால் பிடித்து ஆட்டுகிறது. போக வழியில்லை. பசி. அந்தப் பசியின் நேரத்தில்தான் ஒரு மனிதர் மரச் சந்து வழியாகக் கரும்பு நீட்டுகிறார். பேசுகிறார். அடுத்த நாளும் அதே மனிதர், அதே குரல். வாரங்கள், சில யானைக்கு மாதங்கள். பாகன் அங்கேயே கிடக்கிறார், வீட்டுக்குப் போவது குறைவு. யானை அவருக்குப் பழகுகிற அதே நாட்களில் அவரும் அதற்குப் பழகுகிறார். அதன் காது எப்போது நிற்கிறது, எப்போது விசிறுகிறது என்று தெரிந்துகொள்கிறார். தெரிந்துகொள்ளாத பாகன் பிழைப்பது கடினம். அடைத்து வைத்தது வன்முறைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'பழக்குதல்' என்ற மென்மையான சொல் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுகிறது. ஆனால் அடைத்ததனால் மட்டும் யானை பழகிவிடவும் இல்லை. அடைத்தது மரம். பழக்கியது அந்த மனிதர் உட்கார்ந்திருந்த நாட்கள்.

மூர்த்தியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தந்தமில்லாத ஆண் யானை, மக்னா. கேரளத்திலும் கூடலூர்ப் பக்கத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1998இல் பிடித்தார்கள். காயங்களோடு வந்ததற்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையின் நாயகர். அவர் பெயரையே யானைக்கு வைத்தார்கள். தெப்பக்காட்டு முகாமில் மிகச் சாதுவான யானை என்று பெயரெடுத்து, 2024இல் இறந்தது.

சின்னத்தம்பி கதை வேறு மாதிரி. கோவை தடாகம் பகுதியில் வயல்களுக்கு வந்துகொண்டிருந்த யானை. 2019 ஜனவரியில் பிடித்து டாப்ஸ்லிப் காட்டில் விட்டார்கள். அது அங்கே இருக்கவில்லை. நடந்து நடந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு வந்து நின்றது. ஊரே பார்க்கப் போனது; கும்கி ஆக்கக்கூடாது என்று குரல் எழுந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாற்றுக் கராலில் வைத்தார்கள். பிறகு கும்கியாகவே ஆனது. இதில் எனக்குப் பட்டது: பிடிபடுவதற்கு முன்பே அது ஒன்றுக்குப் பழகியிருந்தது. நெல், கரும்பு, வாழை, தெருவிளக்கு, மனிதச் சத்தம். அதைப் பழக்கியது யார்? யாரும் திட்டம் போட்டுப் பழக்கவில்லை. வயல் காட்டோரம் வரை போனது, யானை வயலுக்கு வந்தது. தன்வினை மட்டும் நடந்துவிட்டது. பிறவினைக்கு எழுவாய் கிடையாது.

எழுவாய் இல்லாத பழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், சான்றிதழ் நகல் வாங்க வந்திருந்தாள். நைட் ஷிப்ட் எப்படிம்மா இருக்கு என்று கேட்டேன். "முதல் மூணு மாசம் நின்னுக்கிட்டே தூங்குவேன் மிஸ். இப்ப பழகிடுச்சு" என்றாள். 'பழகிட்டேன்' என்று சொல்லவில்லை. 'பழகிடுச்சு.' எது? கண்ணா, காலா, தூக்கமா? தமிழில் இப்படிச் சொல்ல முடிகிறது, நாமும் தினம் சொல்கிறோம். தோழிகள் எப்படி என்று கேட்டபோது முகம் மாறியது. "ஹாஸ்டல்ல எட்டு பேர் மிஸ், நல்லா பழகிட்டோம்" என்றாள். அங்கே 'ஓம்' வந்துவிட்டது. ஒரே பேச்சில் ஒரே வினை, இரண்டு விகுதி.

நம் வகுப்புக்கு வருகிறேன். இந்தத் தொழிற்பேட்டைப் பள்ளிகளில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், ஆண்டின் எந்த மாதத்திலும் ஒரு புதுப் பிள்ளை வந்து நிற்கும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம். அப்பாவுக்கு வேலை மாறினால் அடுத்த மாதம் இடம் காலி. எங்கள் ஆறாம் வகுப்பில் இந்த ஜூனில் ஒடிசாவிலிருந்து ஒரு பையன் சேர்ந்தான். செப்டம்பர் வரை அவன் குரல் எப்படி இருக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது. எழுதச் சொன்னால் எழுதுவான், பார்த்து எழுதுவான். உட்கார் என்றால் உட்காருவான். பள்ளியில் எல்லோரும் "தங்கமான பையன், சத்தமே கிடையாது, நல்லா பழகிட்டான்" என்றார்கள்.

எனக்கு அந்தச் சொல் இடறியது. அவன் அடங்கியிருந்தான். பழகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டுத்தறியில் நிற்கிற மாடு பழகி நிற்கிறதா, கயிறு இருப்பதால் நிற்கிறதா என்று கயிற்றை அவிழ்த்தால்தான் தெரியும்.

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது உதவிக்கு வந்தது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன செய்தி. ஏரிப் பாசனத்தில் நெல் நட்ட காலத்தில் ஏர் ஓட்டியவர். புதுக் காளையைத் தனியாகப் பழக்கவே மாட்டார்களாம். பழகின மாட்டோடு ஒரே நுகத்தில் பூட்டுவார்களாம். "நாம எங்கம்மா பழக்கறோம்? பக்கத்து மாடு பழக்கும். நாம வழியை மறிக்காம இருந்தா போதும்" என்றார். கும்கி என்றால் உதவி என்று சொன்னேன் அல்லவா, அது எனக்குச் சரியாக விளங்கியது அப்போதுதான். எட்டாம் வகுப்பில் ஒடிசாப் பெண் ஒருத்தி இருக்கிறாள். மூன்று ஆண்டாக இங்கே படிக்கிறாள், நம்மைவிட வேகமாகச் செங்கல்பட்டுத் தமிழ் பேசுவாள். மதிய இடைவேளையில் இருவரையும் நூலகப் புத்தகங்களை அடுக்கும் வேலையில் சேர்த்துவிட்டேன். படம் போட்ட புத்தகம் ஒவ்வொன்றையும் எடுத்து அவள் தமிழில் சொல்வாள், அவன் ஒடியாவில் சொல்வான். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த நாட்களில் வகுப்பிலும் ஒரு பட்டியல் எடுத்தோம். காட்டு விலங்கை வீட்டோடு சேர்த்துக்கொண்டால் உங்கள் வீட்டில் அதற்கு என்ன சொல்வார்கள்? பீகார்ப் பிள்ளைகள் 'பால்தூ' என்றார்கள். பால்னா என்றால் பேணி வளர்ப்பது, நம் 'பரிபாலன'த்திலும் அதே வேர்தான். திருவள்ளூர்த் தெலுங்கு வீட்டுப் பிள்ளை பாட்டியிடம் கேட்டு வந்து 'மச்சிக்க' என்றாள். அப்போது அந்தப் பையன் கையைத் தூக்கினான். 'போஷா' என்றான். வகுப்பில் அவன் சொன்ன முதல் சொல். போஷித்தல், போஷாக்கு என்று நாம் சொல்கிறோமே, அதன் உறவு. ஊட்டி வளர்ப்பது. வீடு, காலம், பேணுதல், ஊட்டுதல் என்று ஒவ்வொரு மொழியும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'அடக்கு' என்பதை எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. அது விடைத்தாளில் மட்டும்தான் இருந்தது.

அக்டோபரில் உடற்கல்வி நேரத்தில் ஒரு புகார் வந்தது. கிரிக்கெட்டில் சண்டை. "டேய், அவுட் இல்லடா!" என்று கத்திக்கொண்டு மட்டையைக் கீழே வைக்க மாட்டேன் என்று நின்றது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். உடற்கல்வி ஆசிரியர் கோபமாக, "உங்க அமைதிப் பையன் கெட்டுப்போயிட்டான் டீச்சர்" என்றார். "பழகிட்டான் சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மட்டை விவகாரம் என்ன ஆனது என்றால், மறுபடி ஒரு பந்து போட்டார்கள், அதில் அவுட்.

அந்தக் குடும்பம் பொங்கலுக்குப் பிறகு இங்கே இருக்குமா என்று தெரியாது. அப்பாவின் ஒப்பந்தம் அதுவரைதான் என்கிறார்கள். போகிற ஊரில் மறுபடி முதலிலிருந்து. இதற்கு என்னிடம் வழி இல்லை. அடுத்த பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழோடு ஒரு தாள் சேர்த்து அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். இவன் யாரோடு பழகினான், எந்த வேலையில் வாயைத் திறந்தான், எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தான் என்று நாலு வரி. ஒடிசாவுக்கே திரும்பினால் அந்த நாலு வரியை யார் படிப்பார் என்பது வேறு கேள்வி. எட்டாம் வகுப்புப் பெண் ஒடியாவில் எழுதித் தருகிறேன் என்கிறாள். அவளுக்கு அந்த எழுத்து பாதிதான் நினைவிருக்கிறது. அம்மாவிடம் கேட்டு எழுதுவாளாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வகுப்பில் எத்தனை வீட்டு மொழி இருக்கிறதோ அத்தனையிலும் இந்த ஒரு சொல்லைக் கேட்டு எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சந்தாலி, போஜ்புரி, அசாமி மூன்றும் எங்கள் பட்டியலில் இன்னும் இல்லை. சந்தாலி பேசுகிற பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிகளில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். யார் வகுப்பில் என்று தேநீர் நேரத்தில் சொல்லுங்கள்.